பத்தும் ஐந்தும்

வெள்ளைச் சர்க்கரைப் பொட்டலங்கள் பந்து எறிபவர்கள். பழுப்புச் சர்க்கரை, எல்லைக்கோட்டருகே நின்று பந்து பிடிப்பவர்கள். இளஞ்சிவப்புப் பொட்டலத்தில் வரும் போலிச் சர்க்கரை, வயதான பிறகு பெரிய சம்பளத்துக்கு வாங்கப்பட்டவர்கள். வெர்னா ஹூடாக் இவர்களை மேசைமேல் அவரவர் இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசியாகக் கட்டைவிரல் உயரமுள்ள ஒரு க்ரீம் டப்பாவை எடுத்து எல்லோருக்கும் பின்னால் வைக்கிறார். அது கேட்சர். மட்டை பிடித்தவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எந்தப் பந்தை எறிவது என்று விரலால் சைகை காட்டி, வருவதைப் பிடிப்பவன். மேசையின் அந்தக் கோடியில், காகிதக் கைக்குட்டைப் பெட்டிக்கு அப்பால், மேற்குக் கடற்கரை. அங்கே அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை.

“இவனையும் இவனையும் குடு. கூட இந்தப் பழுப்பையும் தள்ளிவிடு. அவங்ககிட்ட இருக்கிற அந்த இடதுகைக்காரனை வாங்கிக்க. முடிஞ்சுது. இதுக்கு ஒரு ஆபீஸ், பதினாறு பேர், கம்ப்யூட்டர்!”

“மூணு பேர், ஒருத்தனுக்கா?” என்கிறான் எதிரே இருக்கும் நோலன்.

“மூணு பேர் இல்ல கண்ணு. மூணு தலைவலி.”

மணி ஒன்பதரை. காலை நடையை முடித்து, பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மறுபடி இரண்டு மணிக்குத்தான் வேலை. நடுவில் இருக்கும் நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். வெர்னா நெட்டியின் டோனட் கடைக்கு வந்து எங்கள் பேஸ்பால் அணியை நிர்வாகம் செய்கிறார். அணிக்கு அது தெரியாது.

ஜனவரியில் எங்கள் ஏரி உறைந்து கிடக்கும். ஆட்டம் ஏப்ரலில்தான். ஆனால் பேச்சு உச்சத்துக்கு வருவது இப்போதுதான். யாரை வாங்கினார்கள், யாரைக் கொடுத்தார்கள், யாரைக் கொடுத்திருக்கக் கூடாது. இந்தக் குளிர்காலப் பேச்சுக்கு இங்கே ‘அடுப்பு’ என்றே பெயர். எந்தக் காலத்திலோ கடையடுப்பைச் சுற்றி நின்று பேசியவர்கள் வைத்த பெயர். நெட்டியின் கடையில் அடுப்பு கிடையாது. சுவரோரம் ஒரு வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அதன் சூடு முழுவதும் வெர்னாவின் முதுகுக்கு.

அறுபத்தோரு வயது. அகன்ற தோள். இருட்டில் மின்னும் பட்டை வைத்த மஞ்சள் கோட்டு. அதைக் கடைக்குள்ளும் கழற்றுவதில்லை. பேருந்தில் நாற்பது குழந்தைகளுக்கு மேலாகக் கேட்க வேண்டிய குரல் என்பதால், எதிரில் இருப்பவரிடம் பேசும்போதும் கடைசி வரிசைக்குப் பேசுவார். கடுங்காப்பிதான் குடிப்பார். “க்ரீம் ஆட்டக்காரன். ஆட்டக்காரனை எவனாவது குடிப்பானா?” என்பது அவர் சொல்லும் காரணம்.

நோலன் குடிப்பான். எதிர்வரிசைக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரன், இரண்டு டப்பா க்ரீம் ஊற்றாமல் காப்பி அவனுக்கு இறங்காது. நெட்டி மேசைக்கு நாலு டப்பாதான் வைப்பாள். பேச்சு சூடாக இருக்கும்போது நோலனின் கை தானாக நீண்டு, மாற்று கேட்சரை உடைத்து ஊற்றிவிடும். வெர்னா அவனை இதுவரை மன்னித்ததில்லை. ஆனால் அவன் தொலைபேசியில் எல்லா ஆட்டக்காரர்களின் எல்லாக் கணக்கும் இருக்கிறது. ஒருவன் செவ்வாய்க்கிழமைகளில் எப்படி ஆடுவான் என்றுகூடச் சொல்வான். அவனை ஏசுவதற்காவது அவன் தேவைப்படுகிறான்.

மூன்றாவது நாற்காலி எஃப்ராயின் மால்டொனாடோவுடையது. எஃகு ஆலையில் முப்பத்தாறு வருடம் பாரந்தூக்கி இயக்கியவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்தே பழகியதாலோ என்னவோ, அரைமணிக்கு ஒரு முறைதான் பேசுவார். நீரிழிவுக்காரர் என்பதால் சர்க்கரைப் பொட்டலங்கள் அவரிடம் பத்திரம். அவருடைய ஆயுதம் ஒரே ஒரு பெயர்.

“பீச்சம்,” என்பார்.

வெர்னாவின் முகம் உடனே காப்பிக்கு மேல் குனியும். பதினோரு வருடத்துக்கு முன், மெலிந்த கால்களோடு பீச்சம் என்றொரு பையன் எங்கள் அணியில் இருந்தான். அவனை அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்க வெர்னா வாதாடினார். அணியும் அனுப்பியது. போன இடத்தில் அவன் அடுத்த வருடமே முப்பத்தெட்டு முறை பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடித்தான்.

“நான் சொன்னேன்னா அனுப்பினாங்க?”

“நீ சொன்ன. அனுப்பினாங்க. எனக்கு அவ்ளோதான் தெரியும், அம்மணி.”

‘அம்மணி’ என்று எஃப்ராயின் அழைப்பது வெர்னா தோற்கும் நாட்களில் மட்டும்.

*

எல்லோரையும் மாற்றிவிடலாம் என்பது வெர்னாவின் மதம். அதில் விலக்கு கிடையாது. முதல் கணவரைப் பற்றிக் கேட்டால், அவரை ஒரு மீன்பிடிப் படகுக்கு மாற்றியதாகச் சொல்வார். விவாகரத்தில் வீடு அவருக்கும் படகு இவருக்கும் வந்தது. “அந்த மாத்துல ஜெயிச்சது நான்தான். படகு இன்னும் ஓடுது. கூப்பிட்டா ஸ்டார்ட் ஆவுது. அந்தாளைப் பத்தி அப்படிச் சொல்ல முடியுமா?” இரண்டாவது கணவர் இல்லை. அந்த இடத்தைப் பற்றிக் கேட்டால், “பேர் அப்புறம் சொல்றோம்,” என்பார். இதுவும் வியாபாரத்தில் உள்ள சொல்தான். ஆளை வாங்கும்போது பதிலுக்கு யாரைத் தருவது என்று முடிவாகாவிட்டால், ‘பெயர் பின்னர் சொல்லப்படும் ஒருவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எங்கோ ஒருவன், தன் பெயர் அது என்று தெரியாமலே, அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருப்பான். அடுத்த மேசையிலிருந்து கேட்கும் எனக்கு அந்தச் சொற்றொடர் சில இரவுகளில் நினைவுக்கு வரும். வெர்னாவுக்கு வராது என்றே நினைத்திருந்தேன்.

அவருடைய பேருந்தில் ஒரு நாள் போயிருக்கிறேன். என் கார் பனியில் சிக்கிய காலை அது. விதிப்படி ஏற்றக் கூடாது, ஏற்றிக்கொண்டார். முதல் நிறுத்தத்தில் ஏறும் பிள்ளைக்குப் பெயர் ‘முதல் மட்டை’. நாலாவதாக ஏறும் கனத்த சிறுமி ‘நாலாம் மட்டை’. அணியில் பலமாக அடிப்பவருக்கு உரிய இடம் அது என்பதால் அவள் படியேறும்போதே தோளை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். பின்வரிசையில் இருவர் அடித்துக்கொண்டார்கள். வெர்னா பின்னால் திரும்பவேயில்லை. தலைக்கு மேலுள்ள நீளக் கண்ணாடியில் பார்த்தபடி, கையை மடிக்குத் தாழ்த்தி, ஒரு விரல் காட்டினார்: உட்கார். இரண்டு விரல்: வாயை மூடு. மூன்று காட்டியதும் இருவரும் எழுந்து இடம் மாறிக்கொண்டார்கள். அது ஆள்மாற்று.

ரயில் தண்டவாளம் வந்தது. பள்ளிப் பேருந்து அங்கே நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்ட பிறகே கடக்க வேண்டும் என்பது சட்டம். வெர்னா ரேடியோவை அணைத்து முஷ்டியை உயர்த்தினார். நாற்பது பிள்ளைகளும் மூச்சை நிறுத்தினார்கள். திறந்த கதவு வழியே குளிரும், ஏரிப்பக்கமிருந்து பனிக்கட்டி முறியும் ஒலியும் உள்ளே வந்தன. ரயில் இல்லை. முஷ்டி இறங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். அவரை நான் கொஞ்சம் மதிக்கத் தொடங்கியது அங்கேதான். கொஞ்சம்.

*

இந்தக் குளிர்காலத்தின் சண்டை வேட் ஆஸ்ட்ராண்டரைப் பற்றியது. எங்கள் அணியின் கேட்சர். முப்பத்தைந்து வயது, பதினோரு வருடமும் இதே அணி. முழங்கால் இரண்டும் போய்விட்டன. டிசம்பரில் அவனை மேற்கே ஓர் அணிக்குக் கொடுத்து, இரண்டு இளம் பந்து எறிபவர்களை வாங்கப் பேசி முடித்தார்கள். வெர்னா அன்று எல்லோருக்கும் ஜெல்லி டோனட் வாங்கிக் கொடுத்தார். க்ரீம் டப்பாவை ஒற்றை விரலால் மேசைமேல் சறுக்கி, கைக்குட்டைப் பெட்டிக்கு அப்பால் தள்ளினார். “போய்ட்டு வாடா ராசா. கடுதாசி போடு.”

மறுநாள் ஆஸ்ட்ராண்டர் வர மாட்டேன் என்றுவிட்டான்.

சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. பெரிய லீகில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்தையும் ஒரே அணியில் ஆடியவனை அவன் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. இங்கே இதைப் ‘பத்தும் ஐந்தும்’ என்பார்கள். இலட்சத்தில் ஒருவனுக்கு வாய்க்கும் உரிமை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் அதிலும் குறைவு. ரேடியோக்காரர் காரணம் கேட்டபோது ஆஸ்ட்ராண்டர் சற்று யோசித்துவிட்டு, “இங்கயே பழகிட்டேன்,” என்றான். அவ்வளவுதான்.

“பழகிட்டானாம்!” வெர்னா மேசையைத் தட்டியதில் உள்மைதானம் முழுவதும் சாய்ந்தது. “பழைய செருப்புகூடத்தான் பழகுது. அதுக்காக அதைக் கால்பந்து ஆட அனுப்புவியா?”

“அவருக்கு உரிமை இருக்கு,” என்றான் நோலன். “ஆனா கணக்குப்படி நீங்க சொல்றதுதான் சரி. ரெண்டு பசங்களோட மதிப்பு இவரைவிட நாலு மடங்கு.”

“கேட்டியா எஃபி? இந்தக் க்ரீம் திருடனே சொல்றான்.”

எஃப்ராயின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “மனுசன் பதினோரு வருசம் குந்தியிருக்கான். எந்திரிக்க மாட்டேங்கிறான். விடேன்.”

“பதினோரு வருசம் ஒரே எடத்துல உக்காந்தா அதுக்குப் பேரு விசுவாசம் இல்ல. மூட்டுவலி.”

கடையே சிரித்தது. நெட்டி கல்லாவுக்குப் பின்னாலிருந்து கைதட்டினாள். வெர்னா, க்ரீம் டப்பாவை மேற்குக் கடற்கரையிலிருந்து எடுத்து நோலன் முன்னால் வைத்தார்.

“இந்தா, குடி இவனை.”

அன்றிலிருந்து அது தினசரிச் சடங்கானது. அணியை அடுக்குவார். கேட்சரை வைப்பார். “பழகிட்டானாம்,” என்பார். எடுத்து நோலனிடம் கொடுப்பார். நோலன் தோலை உரித்து ஊற்றிக் கலக்குவான். மூன்று வாரம் இப்படியே ஆஸ்ட்ராண்டர் காப்பியில் கரைந்தான்.

*

செவ்வாய்க்கிழமை வெர்னா பொட்டலங்களை அடுக்கவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் போட்டார். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், கூட ஒரு படிவம். நோலன் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் மெலிந்துகொண்டே போயிற்று.

ஏரிக்கரை ஓரமாகப் போகும் பதினான்காம் பாதை நீளமாகிவிட்டது. மார்ச் முதல் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஓட்டுநர்கள் ஆளுக்குப் பாதி. இருபத்திரண்டு வருடம் அதை ஓட்டிய வெர்னா ஹூடாக், ஊருக்குத் தெற்கே புதிய வீடுகள் இருக்கும் ஆறாம் பாதைக்குப் போக வேண்டும். ஒரே பாதையில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டியவர், தொழிற்சங்க ஒப்பந்தப்படி மறுக்கலாம். மறுத்தால் பாதை பிரிக்கப்படாது. சம்மதம் என்றால் படிவத்தில் கையெழுத்து மட்டும் போதும். மறுப்பு என்றால் காரணம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள்.



“ஒரு பழைய ஆளுக்கு ரெண்டு இளசு,” என்றார் எஃப்ராயின்.

“வாயை மூடு எஃபி.”

“நான் ஒண்ணும் சொல்லல, அம்மணி.”

நோலனால் சும்மா இருக்க முடியவில்லை. பேனாவை எடுத்து ஒரு காகிதக் கைக்குட்டையில் எழுதினான். பதினான்காம் பாதை: முப்பத்தொரு நிறுத்தம், இரண்டு ரயில் தண்டவாளம், கப்பல் வந்தால் தூக்கிக்கொள்ளும் பாலம் ஒன்று, பன்னிரண்டு வருடப் பழைய வண்டி. ஆறாம் பாதை: பதினேழு நிறுத்தம், தண்டவாளம் இல்லை, பாலம் இல்லை, புது வண்டி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சூடேற்றும் கம்பி.

“சீட்டுக்கே சூடா?” என்றாள் நெட்டி.

“சீட்டுக்கே. அதோட இருபது நிமிஷம் முன்னாடியே வேலை முடியும். கணக்குப்படி பார்த்தா யோசிக்கவே வேண்டாங்க. நீங்களே இதைத்தான் சொல்லுவீங்க.”

“இருபது நிமிஷம் முன்னாடியே இங்க வந்துருவாளா?” என்றார் எஃப்ராயின். “அப்ப நான் எதிர்ப்பு.”

யாரும் எதிர்பார்த்த அளவுக்குச் சிரிக்கவில்லை. வெர்னா கைக்குட்டையைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு பத்திகளையும் படித்தார். மற்றவர்களை மாற்றும்போது எவ்வளவு நேரம் எடுப்பாரோ, அதைவிட நீண்ட நேரம்.

“நல்ல மாத்துதான்,” என்றார் கடைசியில். “வியாபாரம்னா வியாபாரம்.”

“சரி. பழகிடும்,” என்றார் எஃப்ராயின்.

ஒருவருடைய கொள்கை அவர் வீட்டுக் கதவையே வந்து தட்டும்போது அவர் என்ன செய்கிறார் என்பதை நான் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது குறைவு. கொள்கையை விட்டுவிடுபவரை நாம் பலவீனர் என்கிறோம். விடாதவரைப் பிடிவாதக்காரர் என்கிறோம். வெர்னாவுக்கு இதைவிடச் சின்னதும் கஷ்டமானதுமான சிக்கல் ஒன்று இருந்தது. மறுத்தால், எஃப்ராயின் எதிரில் தினமும் ஒன்பதரைக்கு வந்து உட்கார வேண்டும்.

புதன்கிழமை அவர் அணியை அடுக்கினார். ஆனால் யாரையும் விற்கவில்லை. மைதானத்தின் முதல் தளத்தில் நிற்க இந்த வருடம் வாங்கியிருக்கும் டல் என்பவனைப் பற்றிப் பேச்சை நோலன் எடுத்துக் கொடுத்தான். முப்பத்தாறு வயது, ஒரு வருட ஒப்பந்தம், இளஞ்சிவப்புப் பொட்டலம். வெர்னாவுக்கு அல்வா மாதிரி. “முட்டிக்கு கிரீஸ் அடிச்சாத்தான் ஓடுவான்,” என்று ஒன்று சொன்னார். அதில் உயிர் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“அந்தக் கடைசி நிறுத்தத்துல, மஞ்சள் வீடு,” என்றார், யாரிடமும் இல்லாமல். “அந்த நாய்க்கு ஹார்ன் பிடிக்காது. ரெண்டு தரம் லைட்டைப் போட்டு அணைக்கணும். புதுசா வர்றவன் ஹார்ன் அடிப்பான். அது புள்ளைய விடாது.”

“எழுதிக் குடுத்துட்டுப் போங்க,” என்றான் நோலன்.

“எழுதி?”

“நாய், நிறுத்தம், லைட்டு. ஒரு தாள்ல. அடுத்தவங்களுக்கு உதவும்.”

வெர்னா அவனை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். க்ரீம் டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தார். சடங்கு வாக்கியத்தைச் சொல்லவில்லை. நோலன் அதை ஊற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை அவர் வரவேயில்லை. நெட்டி இரண்டு முறை கதவைப் பார்த்தாள். எஃப்ராயின், யாரும் கேட்காமலே, “படகைப் பாக்கப் போயிருப்பா,” என்றார். ஜனவரியில் படகு கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். பார்க்க ஒன்றும் இருக்காது. 

*

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஒன்பதரைக்கு வந்தார். படிவம் மடிக்கப்படாமல் இருந்தது; பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கோட்டுக்குள் மார்போடு சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். பனி நனைக்கக் கூடாதாம். காப்பி வந்தது, தொடவில்லை.

“பேனா குடு,” என்றார்.

நோலன் கொடுத்தான். எஃப்ராயின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தாறு வருடம் உயரத்தில் உட்கார்ந்து, கீழே நடப்பதைப் பார்க்காதது போல் இருக்கப் பழகியவர். வெர்னா இடது உள்ளங்கையைக் குவித்துப் படிவத்தை மறைத்துக்கொண்டு எழுதினார், பரீட்சையில் பக்கத்து மாணவிக்குக் காட்டாத பிள்ளை மாதிரி. நான் அடுத்த மேசையில் இருந்தேன். பேனா கொஞ்சம்தான் அசைந்தது. அது கையெழுத்தாகவும் இருக்கலாம், இரண்டே சொல்லாகவும் இருக்கலாம்.

“பன்னிரண்டு வரைக்கும் டைம் இருக்கே,” என்றாள் நெட்டி.

“பாலம் தூக்கிட்டா?”

“ஏரி உறைஞ்சு கெடக்கு வெர்னா. கப்பல் ஏது?”

“நீ டோனட்டைப் பாரு.”

எழுந்து போனார். பேனாவையும் கொண்டுபோய்விட்டார். அவர் போன பிறகு நோலன் மேசைமேல் சாய்ந்து, எஃப்ராயினிடம் கேட்டான்: “என்ன எழுதியிருப்பாங்க?”

“கணக்கு என்ன சொல்லுது?”

“கையெழுத்துப் போடணும்னுதான் சொல்லுது.”

“அப்ப அதை நம்பு,” என்று சொல்லிவிட்டு எஃப்ராயின் தன் காப்பியை முடித்தார். அவருடைய முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கடைக்கு வெளியே போய்த் தொப்பியைக் கழற்றி, பனியைத் தட்டி, மறுபடி போட்டுக்கொண்டார். அப்போது பனி பெய்யவில்லை.

அலுவலகம் அன்று மாலையே முடிவைப் பலகையில் ஒட்டியிருக்கும். எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஊரில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுப்பு அணைந்திருக்கும். அவரவர் வீட்டில் இருந்தோம்.

*

திங்கள்கிழமை காலை நான் வழக்கத்தைவிட முன்னால் கடைக்கு வந்துவிட்டேன். நோலனும் இருந்தான், அலுவலகத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எஃப்ராயின் அவனுக்கும் முன்னால் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேறு ஏதோ காரணத்துக்காக வந்தவர்கள் போல மூவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

ஏழு பத்துக்குப் பதினான்காம் எண் வண்டி கடையைக் கடந்தது. அதில் ஒன்றும் இல்லை. மாற்றம் மார்ச்சில்தான், அதுவரை அவர்தான் ஓட்ட வேண்டும். முக்குத் திருப்பத்தில் வேகம் குறைந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. உள்ளே மஞ்சள் கோட்டு மட்டும் தெரிந்தது. பிறகு தண்டவாளத்தருகே வண்டி நின்றது, கதவு திறந்தது, அந்தத் தூரத்திலும், முஷ்டி உயர்வது போல் ஒரு நிழல். நாங்களும் பேச்சை நிறுத்தியிருந்தோம் என்பது கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது.

“இதுல ஒண்ணும் தெரியல,” என்றான் நோலன்.

“தெரியல,” என்றார் எஃப்ராயின்.

ஒன்பதரைக்கு அவர் வந்தார். பூட்ஸைத் தட்டினார். வெந்நீர்க் குழாய்க்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். நோலனின் பேனாவைப் பையிலிருந்து எடுத்து அவன் பக்கம் உருட்டினார். நெட்டி கேட்காமலே கடுங்காப்பி வைத்தாள்.  வெர்னா பொட்டலங்களை அடுக்கத் தொடங்கினார்: வெள்ளை, வெள்ளை, பழுப்பு. டல்லை முதல் தளத்தில் வைத்து, “உன்னையெல்லாம் எவன்டா எடுத்தான்,” என்று அவனிடமே கேட்டார். கடைசியாகக் க்ரீம் டப்பாவை எடுத்தார். எல்லோருக்கும் பின்னால், தன் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

எஃப்ராயின் தொண்டையைச் செருமினார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் காத்திருந்த நேரம் இது. “காரணம்னு ஒரு கோடு இருந்துச்சே,” என்றார். “அதுல என்ன எழுதின, அம்மணி?”

“டல்லைப் பத்திப் பேசுவோம்.”

“எத்தனை வார்த்தை? அதையாவது சொல்லு.”

“எஃபி, அவன் முட்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? போன வருசம் எத்தனை ஆட்டம் ஆடாம உக்காந்தான்? கண்ணு, எடு அந்தப் போனை, சொல்லு இவனுக்கு. நாப்பத்திரண்டா, நாப்பத்திமூணா?”

“நாப்பத்தாறு,” என்றான் நோலன், தொலைபேசியைப் பார்த்தபடி.

“நாப்பத்தாறு! இவனுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் குடுத்தாலே போதும், எதுக்கு ஒப்பந்தம்?”

குரல் பழையபடி கடைசி வரிசையை எட்டியது. கல்லாவில் நெட்டி சிரித்தாள். எஃப்ராயின் வாயைத் திறந்து, பீச்சம் என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். நோலன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூன்று வாரப் பழக்கத்தில், க்ரீமுக்காகக் கையை நீட்டினான்.

வெர்னா டல்லின் முழங்காலைத் திட்டுவதை நிறுத்தவில்லை. நோலன் பக்கம் திரும்பவும் இல்லை. இடது உள்ளங்கையைக் குவித்து டப்பாவின்மேல் கவிழ்த்தார்.